டார்வினின் இல்லறம்

சார்ள்ஸ் டார்வின் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நினைவில் எழுவது குரங்கே. மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றவர் என ஒரே வாக்கியத்தில் அப்பெரியாரைச் சொல்லி முடித்துவிடுகின்றோம். மனிதனுக்கும் குரங்கினங்களுக்கும் பண்டைக்காலத்து மூதாதை ஒன்றே என்பதுதான் அவர் கண்ட முடிபென்று மாணாக்கருக்கு எத்தனை முறை எடுத்துரைத்தாலும் அவர்கள் மீண்டும் குரங்கிடமே வந்து நிற்பர். அது நிற்க. அவருடைய கொள்கையை விளக்குதற்கு விஞ்ஞான ஆசிரியர்கள் உளர். உலகத்தாரின் எண்ணத்தைப் புரட்டிய அம்மனிதர் நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில், பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே, தம்மோடு கருத்தொவ்வாத ஒரு மனைவியோடு மனமொத்து எவ்வாறு வாழ்ந்தார் என்பதையே யான் இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

அவர் 1809ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி சுரூஸ்பரி என்னும் நகரில் ஒரு செல்வ வைத்தியரின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதிலே தாயை இழந்தார். இருபத்திரண்டாம் வயதில் 'பீகிள்' என்னுங் கப்பலேறி, 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றி மீண்டார். அதன்பின் அவர் பிரித்தானியாவை விட்டு அப்பாற் சென்றதேயில்லை. ஐந்து ஆண்டு சுற்றியவர் எஞ்சிய நாற்பத்தைந்து ஆண்டும் வீட்டிலிருந்தார் என்றே சொல்லலாம்.

வீடு என்றால் மனையாள் வேண்டுமே! 1838ஆம் ஆண்டு டார்வின் ஒரு காகிதத்தை எடுத்து நடுவே பிரித்து, மணஞ் செய்தால் வரும் நன்மைகளை ஒருபுறமும் செய்யாவிட்டால் வரும் நன்மைகளை மறுபுறமும் எழுதினார். மணஞ் செய்தால் நேரம் வீணாகும், நூல் வாங்கப் பணம் மிஞ்சாது, மாலையில் இருந்து படிக்க முடியாது, உறவினர் வீடுகளுக்கு இழுபட நேரும். செய்யாவிட்டால் முதுமையிலே துணையில்லை, பிள்ளைகள் இல்லை, இசை கேட்க வழியில்லை. நாய் வளர்ப்பதிலும் மனைவி ஒருத்தி இருத்தல் மேல் என்றுங்கூட அதில் ஒரு குறிப்பு உண்டு! இவ்வாறு கூட்டிக் கழித்து, மணஞ் செய்வதே தக்கது என முடிவு கட்டினார். சீதனக் கணக்குப் பார்ப்போரை நாம் நன்கறிவோம். மனைவி என்பவளே வேண்டுமா என ஐந்தொகை போட்டுப் பார்த்தவர் இவர் ஒருவரே போலும்.

கணக்கிலே குளிர்ந்திருந்தவர் பெண் தேடத் தொலைதூரம் போகவில்லை. மட்பாண்டத் தொழிலாற் புகழ்பெற்ற வெட்ஜ்வூட் குடும்பத்துப் பெண்ணாகிய எம்மா அவருடைய தாய்மாமனின் மகள். நம் வழக்கிலே சொன்னால் உரிமை மச்சாள். வயதில் அவரினும் ஒன்பது மாதம் மூத்தவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். 1839 ஜனவரி 29ஆந் திகதி திருமணம் நிறைவேறியது. மச்சாளை மணந்ததனாற் பிள்ளைகளின் உடல்நலங் குன்றியதோ என்னும் ஐயம் பிற்காலத்தில் டார்வினை வருத்தியது. அத்தகைய மணங்களைப் பற்றிய வினா ஒன்றைக் குடிசன மதிப்பிற் சேர்க்கும்படி அவர் நண்பர் வாயிலாக முயன்றும் பாராளுமன்றம் இணங்கவில்லை. அவருடைய மகன் ஜோர்ஜ் 1875இல் தாமே கணக்கெடுத்து, தீங்கு அஞ்சும் அளவிற்கு இல்லை என எழுதினார்.

இலண்டன் மாநகரில் அவர்கள் முதலிற் குடியிருந்த வாடகை வீட்டின் சுவரும் திரையும் கதிரைகளும் ஒன்றோடொன்று போர் செய்யும் நிறங்களாயிருந்தன. கணவனும் மனைவியும் அதற்குப் பஞ்சவர்ணக்கிளி வீடு எனப் பொருள்படும் பெயரிட்டுச் சிரித்தனர். எம்மா அம்மையாரோ பொருள்களை ஒழுங்காக வைக்கும் இயல்பில்லாதவர். டார்வின் எதுவும் வைத்த இடத்தில் இருக்கவேண்டும் என்பவர். இவ்வகைப் போரில் எந்த வீட்டிலும் வெற்றி யாருக்கு என்பது தெரிந்ததே. ஒழுங்கின் மேல் இருந்த ஆசையை விட்டுவிடுவதென்று அவர் தீர்மானித்துக்கொண்டு அமைதியடைந்தார்.

ஆனால், விட்டுக்கொடுத்துத் தீர்க்க இயலாத வேற்றுமை ஒன்றும் அவர்களிடையே இருந்தது. சமய நம்பிக்கையிலே தமக்குள்ள ஐயங்களை மணப்பெண்ணுக்குச் சொல்லாது மறைக்கும்படி தந்தையார் அறிவுறுத்தியிருந்தார், டார்வின் மறைக்கவில்லை. எம்மாவோ ஆழ்ந்த பத்தியுடையவர். மணமாகிய புதிதில், நேரிற் பேசக் கூசி, கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எதையும் நிரூபித்தாலன்றி நம்பாத ஆராய்ச்சிப் பழக்கம் நிரூபிக்க முடியாதவற்றையும் தள்ளச் செய்துவிடுமோ என்பதும், மறுமையில் இருவரும் பிரிந்துபோக நேருமோ என்பதும் அதிலே வெளிப்பட்ட அச்சம். டார்வின் அக்கடிதத்தை வாழ்நாள் முழுதும் பேணி வைத்திருந்தார். தாம் இறந்தபின், இதனைப் பன்முறை முத்தமிட்டு அழுததை மனைவி அறிந்துகொள்ளட்டும் என்று அதன் அடியிலே தம் கையால் எழுதியும் வைத்தார்.

1842 செப்டெம்பரில் அவர்கள் இலண்டனுக்கு 16 மைல் தொலைவிலுள்ள டவுண் என்னும் கிராமத்திற் குடிபுகுந்தனர். அங்கே வந்த மாதத்திற் பிறந்த பெண்மகவு மூன்று கிழமை மாத்திரமே உயிர்வாழ்ந்தது. எல்லாமாகப் பத்துப் பிள்ளைகள். எழுவர் வளர்ந்து ஆளாயினர்.

மூத்தவன் வில்லியம் பிறந்த நாள்தொட்டே தந்தையார் குறிப்பேடும் கையுமாகத் தொட்டிலருகே நின்றார். குழந்தை எப்போது தும்மிற்று, எப்போது சினந்தது, எந்நாளிலே முதற் கண்ணீர் வடித்தது என ஒன்றையும் விட்டாரல்லர். அக்குறிப்புகளின் பயன் 1872இல் வெளிவந்த, உணர்ச்சிகளின் மெய்ப்பாடு பற்றிய அவருடைய நூலிலே காணப்படும். குழந்தைகளின் அழுகையை ஆராய்ந்த அதே நூலில் நமது இலங்கைக் காட்டிலே பிடிபட்ட யானைகள் கண்ணீர் சொரிந்த செய்தியையும், இங்கு அரசாங்கச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் எழுதியவற்றிலிருந்து எடுத்தாண்டிருக்கின்றார். மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் ஓர் இயலே வகுத்தார் என்று பெருமைப்படும் நாம், தொட்டிலையும் யானைக் கொட்டிலையும் ஒருசேர நோக்கிய இந்நூலையும் ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் நன்று.

டவுண் இல்லத்தின் நாள் மணிக்கூட்டை ஒத்தது. காலை எட்டு மணிக்குப் படிப்பறையில் அமர்வார். ஒன்பதரைக்கு வெளியே வந்து கட்டிலிற் சாய, மனைவி கடிதங்களையும் கதைகளையும் வாசித்துக் காட்டுவார். மீண்டும் பத்தரை முதல் நண்பகல் வரை வேலை. பின்னர்த் தோட்டத்தின் கோடியிலே தாமே மரம் நட்டு அமைத்த மணற்பாதையில் நாயோடு உலாவுவார். எத்தனை சுற்று ஆயிற்று என்பதற்குக் கற்குவியலிலிருந்து சுற்றுக்கு ஒரு கல்லைக் காலால் உதைத்துத் தள்ளுவதே கணக்கு. ஓயாத வயிற்று நோயும் வாந்தியும் அவரை வாட்டின. நாளொன்றுக்கு மூன்று நான்கு மணிநேரத்துக்கு மேல் உழைக்க உடல் இடங்கொடாது. அந்தச் சில மணிநேரத்தைக் காத்துக் கொடுத்தவர் எம்மா அம்மையாரே.

மூக்குத்தூள் போடும் பழக்கம் அவரை விடவில்லை. அதைக் குறைக்க ஓர் உபாயங் கண்டார். தூள்ச் சாடியைப் படிப்பறையில் வையாது வெளிக் கூடத்து மேசையில் வைத்தார். எழுந்து நடக்கும் சோம்பலால் ஆசை தணியும் என்பது எண்ணம். ஆசையோ சோம்பலினும் வலிது. சாடி மூடியின் ஓசை கூடத்திலிருந்து கேட்டபடியே இருக்குமாம்.

கதைகள் வாசிக்கக் கேட்பதில் அவருக்கு அளவிலா விருப்பம். ஆனால், முடிவு மங்களமாக இருத்தல் வேண்டும். துன்பத்தில் முடியும் கதைகளைச் சட்டத்தாலே தடுக்கவேண்டும் என்பது அவர் கட்சி. நூல்களிடம் அவருக்கு அன்பு உண்டு, மரியாதை இல்லை. கனத்த நூலைக் கையிற் பிடிக்க வசதியில்லையென்று நடுவே இரண்டாக வெட்டிவிடுவார்! ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவிழ்க்கும் மரபில் வந்த எமக்கு இதைப் படிக்கையில் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்கின்றது.

வீட்டுச் செலவை ஒரு சதமும் விடாது அவர் எழுதி வைத்தார். அம்மையாரின் சமையற் குறிப்பேட்டில் ஒரு குறிப்பு மட்டும் டார்வினின் கையெழுத்தில் உள்ளது. அது சோறு சமைக்கும் முறை! உப்பிட்ட நீர் கொதிக்கும்போது அரிசியை இட்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிடங் கொதிக்கவிட்டு, நீரை வடித்து, பின் பத்து நிமிடந் தணலில் வைக்கவேண்டுமாம். நம் பெண்டிர் கஞ்சி வடித்துத் தணலிற் புழுங்கவிடுவதற்கும் இதற்கும் வேற்றுமை மணிக்கூடு ஒன்றே.

இரவு தோறும் கணவனும் மனைவியும் 'பக்கமன்' என்னும் ஆட்டம் இரண்டு ஆடுவர். அது காயுருட்டி ஆடும் பலகை ஆட்டம். நமது சொக்கட்டானுக்கு ஒன்றுவிட்ட உறவு என்னலாம். வெற்றி தோல்விகளை ஆண்டாண்டாகக் கணக்கு வைத்தவர் 1876இல் ஓர் அமெரிக்க நண்பருக்குப் பெருமிதத்தோடு எழுதி அனுப்பினார்: தாம் வென்றவை 2795, மனைவி வென்றவை 2490.

பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் இருந்த சுதந்திரம் அக்காலத்து ஆங்கிலக் குடும்பங்களிற் காண்டற்கரியது. மாடிப்படியிற் பலகையைச் சாய்த்துச் சறுக்கி விளையாடுவர். கத்தரிக்கோல், நூல், சுத்தியல் என ஏதேனும் ஒன்றைத் தேடி, வேலை நடக்கும்போதே படிப்பறைக்குள் நுழைவர். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், வேலையை விட்டு விளையாட வந்தால் ஆறு பென்ஸ் தருவதாகத் தந்தைக்குக் கைக்கூலி பேசினான். லியனாட் ஒருநாள் சாய்கட்டிலின் மேல் துள்ளிக் குதிக்க, அது விதிக்கு மாறு என்று தந்தை நினைவூட்டினார். அப்படியானால் நீங்கள் அறையை விட்டுப் போவதுதான் நல்லது என்று அவன் விடையிறுத்தான். எம் பள்ளிக்கூடத்திலே இவ்விடை சொன்ன பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

கப்பலின் அடியிலும் பாறையிலும் ஒட்டி வளரும் கொட்டலசு என்னுஞ் சிற்றுயிரை டார்வின் எட்டு ஆண்டுகள் அறுத்து ஆராய்ந்தார். பிறந்தது முதல் அதையே கண்டு வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவன் அயல்வீட்டுக்குச் சென்றபோது, உங்கள் வீட்டு அப்பா கொட்டலசு வேலையை எந்த அறையிற் செய்கின்றார் என்று கேட்டானாம். தந்தையர் எல்லாருக்கும் அதுவே தொழில் என்பது அவன் துணிபு. 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் பெருநூலின் கையெழுத்துத் தாள்களின் பின்புறத்திலே பிள்ளைகள் படம் வரைந்தனர். பழங்களும் மரக்கறிகளும் போர்வீரராய்ப் பொருதும் படம் அவற்றுள் ஒன்று. அந்நூலின் மூலப்பிரதியில் எஞ்சிய ஏடுகள் சில இப்படங்களுக்காகவே காப்பாற்றப்பட்டன.

பிள்ளைகளுள் இரண்டாமவள் அனி. தந்தையின் தலைமயிரை அரை மணிநேரம் இருந்து வாரி அழகுபார்ப்பாள். தாய்க்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை மூக்குத்தூளைக் கையில் ஒளித்துக்கொண்டு படியிறங்கி ஓடிவந்து தந்தைக்குக் கொடுப்பாள். மணற்பாதையில் அவருக்கு முன்னே சுழன்று சுழன்று ஆடிச் செல்வாள். 1851இல் அவளுக்கு நோய் கண்டது. மோல்வேண் என்னும் ஊருக்கு நீர்ச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றனர். எம்மா அம்மையார் நிறைமாதக் கர்ப்பிணி, உடன்செல்ல இயலவில்லை. தந்தை படுக்கையருகே இருந்து நாள்தோறும் நிலைமையை எழுதி அனுப்பினார். ஏப்ரில் 23ஆந் திகதி குழந்தை இறந்தாள், வயது பத்து. அடக்கத்திற்கும் நில்லாமல் அவர் மனைவியிடம் விரைந்தார். ஒரு கிழமை கழித்து, மகள் எப்படிச் சிரித்தாள், எப்படி நடந்தாள் என்பவற்றை மறந்துபோவோமோ என்று அஞ்சியவர்போற் சில பக்கங்கள் எழுதி வைத்தார். பின்னர் அவளைப் பற்றிப் பேசியது மிக அரிது.

ஞாயிறுதோறும் மனைவியும் மக்களும் தேவாலயத்துட் செல்ல, அவர் வாயிலோடு விலகி உலாவப் போவார். இதனால் அவர்களிடையே நம்பிக்கை குறைந்ததா? 1844இல் தம் கொள்கையை முதன்முறை விரிவாக எழுதியபோது, தாம் திடீரென இறந்தால் 400 பவுண் செலவிட்டு அதை வெளியிடவேண்டும் என்னும் பொறுப்பை அவர் யாரிடம் ஒப்படைத்தார்? விஞ்ஞான நண்பர் எவரிடமுமன்று. மறுமையை எண்ணி அஞ்சிய மனைவியிடமே. அவர் அதைப் படித்து, கண் படிப்படியாக அமைந்தது என்ற பகுதியின் ஓரத்தில் இது பெரியதோர் ஊகம் என்னுங் கருத்துப்படக் குறிப்பெழுதினார். கணவர் அக்குறிப்பை மதித்தார்.

1858 ஜூன் மாதத்தில், அதே கொள்கையை வலஸ் என்பவர் தாமாகவே கண்டு எழுதிய கட்டுரை டார்வினின் கைக்கு வந்தது. இருபது ஆண்டு உழைப்பும் போயிற்றோ என்று அவர் மயங்கி நின்ற அந்நாள்களிலே கடைக்குட்டி மகன் செங்காய்ச்சலால் இறந்தான். ஜூலை 1ஆந் திகதி இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டன. உயிரியல் வரலாற்றின் திருநாள் என அதனை எழுதுவர். அன்று டார்வின் மகனை அடக்கஞ் செய்துகொண்டிருந்தார். நூல் மறு ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி வெளிவந்தது; அதனால் எழுந்த பூசலை உலகறியும்.

முதுமையில் வீடு மீண்டும் கலகலப்பாயிற்று. மகன் பிரான்சிஸின் மனைவி 1876இல் மகப்பேற்றின் பின் இறந்துபோக, அவர் பச்சிளங் குழந்தை பேணாட்டுடன் தாய்வீட்டுக்கு வந்துசேர்ந்தார். அக்காலத்தில் டார்வின் ஆராய்ந்தது, நாங்கூழ் எனப் பழைய நூல்கள் சொல்லும் மண்புழுவை. புழுவுக்குச் செவியுண்டா என்று அறியக் குடும்பமே கூடிற்று. பிரான்சிஸ் பெருங்குழல் ஊத, ஊதுகுழல் கீச்சிட, பியானோ முழங்க, சாடியிற் கிடந்த புழுக்கள் அசையவில்லை. சாடியைப் பியானோவின் மேலே வைத்து வாசித்தபோதோ உடனே வளைக்குட் பதுங்கின. ஓசை கேளாது, அதிர்ச்சி உணரும் என முடிவாயிற்று. 1881இல் வந்த அந்நூல் பெருந்தொகையாய் விற்றது.

1882 ஏப்ரில் 19ஆந் திகதி டார்வின் தம் வீட்டிலே இறந்தார். ஊர்த் தேவாலய முற்றத்தில், இறந்த குழந்தைகளின் அருகே அடங்கவேண்டும் என்பது குடும்பத்தார் விருப்பம். நாடோ வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்திற்குக் கேட்டு வாங்கிக்கொண்டது. எம்மா அம்மையார் அச்சடங்கிற்குச் செல்லாது டவுணிலேயே இருந்துவிட்டார். அதன்பின் பதினான்கு ஆண்டு வாழ்ந்து 1896இல் மறைந்தார். அனியின் சிறிய எழுத்துப் பெட்டியை அவர் இறுதிவரை வைத்திருந்தார். அதனுள்ளே அவள் எழுதிய இறகுப் பேனாக்களும், அரக்கும், அரைகுறையாய்த் தைத்த நாடாவும், காகிதத்தில் மடித்த ஒரு சுருள் மயிரும் இருந்தன.