மார்கோவும் மூணு ரூமும்

நாலாவது செமஸ்டர் மேத்ஸ் எழுதின எல்லாருக்கும் மார்கோவ் ஒரு எட்டு மார்க் கேள்வி. மேட்ரிக்ஸைப் போடு, பெருக்கு, அடுத்த கேள்விக்குப் போ. எனக்கும் அப்படித்தான் இருந்தார். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக, இன்னும் இருபது வருஷத்துல எத்தனை பேர் சிகரெட் பிடிப்பாங்கன்னு கம்ப்யூட்டர்ல கணிக்கிற சிமுலேஷன் மாடல்களைப் படிச்சேன். எல்லாத்துக்கும் அடியில இதே மனுஷன் உட்கார்ந்திருந்தார். சரி, யார் இவர்னு தேடினேன்.

ஆந்த்ரேய் மார்கோவ் 1856-ல் ரஷ்யாவின் ரியாசானில் பிறந்தார். சின்ன வயசுல முழங்கால் பிரச்சனை. பத்து வயசு வரைக்கும் ஊன்றுகோல்தான். பள்ளியில் மேத்ஸ் தவிர மற்றதெல்லாம் சுமார் (நமக்கு மேத்ஸும் சுமார், அதை விடுங்க). செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் செபிஷேவிடம் படித்து, 1878-ல் தங்கப் பதக்கத்தோடு முடித்தார். பிறகு அங்கேயே பேராசிரியர். 1896-ல் அறிவியல் அகாடமியின் முழு உறுப்பினர்.

மனுஷனுக்குக் கோபம் ஜாஸ்தி. 1902-ல் எழுத்தாளர் கார்க்கியை அகாடமி கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஜார் மன்னருக்குப் பிடிக்கவில்லை என்றதும் தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். மார்கோவ் எதிர்ப்பு தெரிவித்தார். 1908-ல் மாணவர் போராட்டங்களின்போது பேராசிரியர்கள் மாணவர்களைக் கண்காணிக்கணும்னு அரசு எதிர்பார்த்தது. அந்த வேலை என்னால முடியாதுன்னு மறுத்தார். இது ஒண்ணுக்காகவே எனக்கு இவரைப் பிடிச்சுப் போச்சு. டால்ஸ்டாயை விலக்கி வைத்த சர்ச்சுக்கு, என்னையும் விலக்குங்கள் என்று 1912-ல் விண்ணப்பமே போட்டார். அடுத்த வருஷம் நாடே ரொமானோவ் அரச வம்சத்தின் 300-வது ஆண்டைக் கொண்டாடியபோது, இவர் பெர்னூலியின் பெரு எண் விதிக்கு 200-வது ஆண்டு விழா நடத்தினார்.

அந்த விதியில்தான் அவருடைய பெரிய சண்டையும் ஆரம்பிச்சது. காசை நிறைய தடவை சுண்டினால் பாதி தலை, பாதி பூ என்ற விகிதத்துக்கு வந்து நிற்கும். இதுதான் பெரு எண் விதி. மாஸ்கோவில் பாவெல் நெக்ரசோவ் என்றொரு கணிதவியலாளர், முன்னாடி மதக் கல்வி படித்தவர். ஒவ்வொரு நிகழ்வும் மற்றதைச் சாராமல் தனித்தனியா இருந்தால்தான் இந்த விதி செல்லும் என்றார். திருமணம், குற்றம் மாதிரி சமூகக் கணக்குகள் வருஷா வருஷம் நிலையா இருக்கின்றன, அப்போ மனிதச் செயல்கள் தனித்தனியானவை, ஆகவே மனிதனுக்குச் சுதந்திர விருப்பம் இருப்பது நிரூபணம்! இதுதான் அவர் வாதம்.

கணிதத்தை இப்படி இழுத்தது மார்கோவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதுவும் போக, முதல் படியே தப்பு. 1906-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு நிகழ்வும் அதற்கு முந்தினதைச் சார்ந்தே இருக்கட்டும், அப்பவும் விகிதம் நிலைக்கு வரும் என்று காட்டினார். மார்கோவ் செயின் பிறந்தது அங்கேதான்.

1913-ல் அதற்கு ஒரு நிஜ உதாரணம் கொடுத்தார். புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்தில் முதல் 20,000 எழுத்துக்களைக் கையாலேயே எண்ணினார். அதில் உயிரெழுத்து 8,638, அதாவது 43.2 சதவீதம். (நம்ம உயிர்மெய்யை எண்ணியிருந்தா என்ன ஆகியிருப்பாரோ!) உயிருக்கு அடுத்து இன்னொரு உயிர் வர வாய்ப்பு 0.128. மெய்க்கு அடுத்து உயிர் வர வாய்ப்பு 0.663. அப்போ ஒரு எழுத்து முந்தின எழுத்தை நல்லாவே சார்ந்திருக்கு. ஆனா இந்த ரெண்டு எண்ணை மட்டும் வச்சு ஸ்டெடி ஸ்டேட் போட்டுப் பாருங்க: 0.663-ஐ 1.535-ஆல் வகுத்தா 0.432. கையால எண்ணின அதே விகிதம்.

சிகரெட் மாடலில் எழுத்துக்குப் பதிலா மனுஷங்க. மூணு ரூம்: பிடிக்காதவர், பிடிப்பவர், விட்டவர். ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேர் எந்த ரூமிலிருந்து எந்த ரூமுக்குப் போறாங்கங்கிறதுதான் மேட்ரிக்ஸ். சும்மா ஒரு கணக்கு, எண்கள் என் கற்பனை, புதுசா பிடிக்கிறவங்க, இறப்பு ரெண்டையும் விட்டுடலாம். 1,000 பேர் பிடிக்கிறாங்க. வருஷத்துக்கு நூற்றுக்கு 10 பேர் விடுறாங்க, விட்டவங்கள்ல நூற்றுக்கு 5 பேர் திரும்பப் பிடிக்கிறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 815 பேர் மிச்சம். வரியை ஏத்தினதால 10 என்பது 15 ஆச்சுன்னா 730. அந்த 85 பேர் வித்தியாசத்தைத்தான் சுகாதாரத் துறை முன்கூட்டியே தெரிஞ்சுக்க விரும்புது. பல நாடுகளுக்குப் பயன்பட்ட சிம்ஸ்மோக் மாடலின் அடிப்படையும் இதுதான்.

ஒரு சிக்கல் இருக்கு. மார்கோவ் செயினுக்கு இப்போ எந்த ரூம்ல இருக்கோம்ங்கிறது மட்டும்தான் தெரியும், பழசு ஞாபகம் இருக்காது. நேத்து விட்டவனும் பத்து வருஷம் முன்னாடி விட்டவரும் ஒண்ணா? என் ரூம்மேட் இந்த வருஷம் மட்டும் மூணு தடவை விட்டுட்டான். அதனால விட்டவர் ரூமையே விட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு பிரிச்சுடுறாங்க. ஞாபகத்தையே ஒரு ரூமா கட்டிட்டா செயின் பழையபடி வேலை செய்யும். இப்படிப் பிரிச்சும் என் ரூம்மேட் நாளைக்குப் பிடிப்பானான்னு மாடல் சொல்லாது. சொல்ல வேண்டிய அவசியமும் அதுக்கு இல்ல. மொத்த விகிதம் நிலையா இருக்கிறதை வச்சு அவன் சுதந்திரமா முடிவெடுக்கிறானான்னு நெக்ரசோவ் மாதிரி சொல்லவும் முடியாது.

1917 புரட்சி சமயத்தில் மார்கோவ் ஸராய்ஸ்க் என்ற சின்ன ஊருக்குப் போய், பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்காமல் கணிதம் நடத்தினார். திரும்பி வந்தபோது நகரில் பஞ்சம். 1921-ல், காலணி இல்லாததால் கூட்டங்களுக்கு வர முடியவில்லை என்று அகாடமிக்குத் தெரிவித்தார். ஒரு ஜோடி அனுப்பினார்கள். அளவு சரியில்லை, தையலும் மோசம் என்று அதற்கும் புகார் எழுதினார். 1922 ஜூலை 20-ம் தேதி இறந்தார், வயது 66. அவருடைய ப்ராபபிலிட்டி பாடப்புத்தகத்தின் நாலாவது பதிப்பு ரெண்டு வருஷம் கழிச்சு வெளிவந்தது.