பட்டை தேய்ந்த ஒரு ஒயர்: பெர்த்தா பென்ஸ் அம்மையார்

முதல் மோட்டார் கார் யாருடையது என்று வைவாவில் கேட்டால், கார்ல் பென்ஸ், 1886 என்று நம்ம பையன்கள் தூக்கத்தில்கூட சொல்லிவிடுவார்கள். சரி, அந்தக் காரை முதன்முதலாக வெளியூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், வழியில் நின்றபோதெல்லாம் இறங்கி ரிப்பேர் பார்த்தது யார் என்று கேட்டால்? பாதிப்பேர் முழிப்போம். அது கார்ல் பென்ஸ் இல்லை. அவர் மனைவி பெர்த்தா.

ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் 1849 மே 3 அன்று பிறந்தவர். அப்பா தச்சு வேலையில் நன்றாகச் சம்பாதித்தவர். இவர் பிறந்தபோது, மறுபடியும் பெண்ணாகப் போச்சே என்ற சலிப்பைக் குடும்ப பைபிளில் எழுதி வைத்தாராம் அந்த அப்பா. (நம்ம ஊரில் மட்டும்தான் இந்தக் கதை என்று நினைத்துவிட வேண்டாம்.)

பெர்த்தாவுக்குப் பார்த்து வைத்த மாப்பிள்ளை என்று யாரும் இல்லை. அவரே விரும்பித் தேர்ந்தெடுத்தது கையில் காசில்லாத ஒரு எஞ்சினியரை. கார்ல் பென்ஸ் 1871இல் மன்ஹைம் நகரில் கூட்டாளியோடு ஒரு பட்டறை ஆரம்பித்தார். கூட்டாளி சரியில்லை. அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பப் பணம் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலேயே தன் சீதனப் பணத்தை வாங்கி அதில் போட்டவர் பெர்த்தா. கல்யாணம் நடந்தது 1872 ஜூலை 20. அதற்குப் பிறகு பல வருஷம் கடன், கஷ்டம்தான். 1879ஆம் வருஷத்தின் கடைசி ராத்திரி, சாப்பாடு முடிந்து புருஷனும் பெண்டாட்டியுமாகப் பட்டறைக்குப் போய், ஓடவே ஓடாத டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சுற்றிவிட்டார்கள். ஓடியது!

1886 ஜனவரி 29இல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 37435 என்ற எண்ணில் பேடன்ட் பதிவானது. ஒற்றை சிலிண்டர், 954 சி.சி., நிமிஷத்துக்கு 400 சுற்றில் முக்கால் குதிரை சக்தி. பேடன்ட்டில் பெர்த்தாவின் பெயர் கிடையாது. போட்ட பணம் மட்டும் அவருடையது.

அப்புறம்தான் நிஜமான பிரச்சினை. வண்டி இருக்கிறது, ஜெர்மனியில் வாங்க ஆள் இல்லை. குதிரை இல்லாத வண்டியை வேடிக்கை பார்த்தார்கள், நம்பவில்லை. கார்லோ, இன்னும் கொஞ்சம் சரி பண்ணலாம், இன்னும் கொஞ்சம் என்று பட்டறையைவிட்டு வெளியே வராத ரகம். வண்டி நாலு தெரு தாண்டி ஓடும் என்று காட்டாவிட்டால், போட்ட சீதனமும் போச்சு, பதினாறு வருஷ உழைப்பும் போச்சு.

1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை. கணவரிடம் சொல்லாமல், 15 வயது ஆய்கன், 13 வயது ரிச்சர்ட் என்ற இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார் பெர்த்தா. போக வேண்டியது ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கும் அம்மா வீட்டுக்கு. சுமார் 106 கிலோமீட்டர். ரோடு குதிரை வண்டிக்குப் போட்டது. பெட்ரோல் பங்க் என்ற சொல்லே உலகத்தில் இல்லை. கார்புரேட்டருக்குள் பிடிக்கிற நாலரை லிட்டர்தான் மொத்தக் கையிருப்பு. வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக் கடையில் நின்று, துணிக்கறை போக்க விற்கும் லிக்ராய்ன் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார்கள். அந்தக் கடைதான் உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

வழியில் எஞ்சின் மக்கர் பண்ணியது. இரண்டு பெரிய கோளாறு. ஒன்று, எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தொப்பியில் குத்தியிருந்த நீள ஊசியை உருவிக் குத்தி அடைப்பை எடுத்தார். இன்னொன்று, இக்னீஷியன் ஒயரின் இன்சுலேஷன் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. காலுறை நழுவாமல் கட்டும் பட்டியைக் கழற்றி அந்த இடத்தில் சுற்றினார். வண்டி ஓடியது.

சினிமா சீன் மாதிரி இருப்பதால் எல்லோரும் ஊசியையும் பட்டியையும்தான் பேசுவார்கள். மெக்கானிக்கல் பசங்களான நாம் பார்க்க வேண்டியது வேறு. எஞ்சின் திக்கித் திணறுகிறது என்றால் காரணம் எரிபொருளா, ஸ்பார்க்கா, கம்ப்ரஷனா என்று முதலில் பிரிக்க வேண்டும். குழாய் அடைத்தால் எஞ்சின் படிப்படியாக இளைக்கும், இழுவை குறையும், பிறகுதான் சாகும். ஒயரில் லீக் என்றால் அப்படி இல்லை. சுவிட்சை அணைத்துப் போட்ட மாதிரி டக்கென்று விடும், திரும்பப் பிடிக்கும். குலுக்கலில் ஒயர் இரும்பைத் தொடும்போது ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டாமல் சுலபமான வழியில் பாடியில் இறங்கிவிடும். பென்ஸ் வண்டியில் பேட்டரி, அதிர்வுச் சுருள், அதிலிருந்து பிளக்குக்கு ஹை டென்ஷன் ஒயர், அவ்வளவுதான் சங்கதி. ஒரே சிலிண்டர் என்பதால் ஒரு வெடிப்பு தவறினாலும் பெரிய ஃப்ளைவீல்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

நாலு சிலிண்டர் எஞ்சினில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒரு சிலிண்டர் விட்டாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐடிலில் நடுங்கும், மேடேறும்போது உதறும். மேட்டில் ஏன்? ஆக்சிலேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கில் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். வோல்ட் ஏற ஏற, பலவீனமான இன்சுலேஷன் முதலில் கைவிடும். இது தெரியாமல் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் ராத்திரி விளக்கை அணைத்து, பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் லீக் இருக்கும் இடத்தில் நீலப் பொறி ஓடும். (கையை வைத்துப் பார்க்காதே தம்பி! ஆயிரக்கணக்கான வோல்ட்.) பொறி தெரியவில்லை என்றால் ஒயரைக் கழற்றி மீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பார். மற்ற மூன்றும் ஒரு மாதிரி காட்டி ஒன்று மட்டும் எகிறினால் உள்ளே கார்பன் அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் புத்தம் புதுசாகவே இருக்கும். இப்போது பல வண்டிகளில் பிளக்கின் தலையிலேயே காயில் வந்து, அந்த நீள ஒயரே இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் காயிலின் ரப்பர் பூட் கிழிந்தால் அதே கதைதான்.

பயணத்துக்கு வருவோம். புரூக்ஸால் ஊரில் ஒரு கொல்லர் செயினைச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்துபோக, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார் பெர்த்தா. உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்பார்கள். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். பொழுது சாய்ந்தபோது ஃபோர்ட்ஸ்ஹைம் வந்தாயிற்று, கணவருக்குத் தந்தியும் போயிற்று. சில நாளில் அதே வண்டியில் திரும்பியும் வந்தார்கள். மேட்டில் இழுவை போதவில்லை என்று வீட்டில் அவர்கள் சொன்ன குறையைக் கேட்டு, கார்ல் கூடுதலாக ஒரு தாழ்ந்த கியர் வைத்தார். அதே 1888இல் மியூனிக் கண்காட்சியில் வண்டிக்குத் தங்கப் பதக்கம். பத்து வருஷம் கழித்து பென்ஸ் கம்பெனி உலகத்தில் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று.

1926இல் பென்ஸும் டெய்ம்லரும் ஒன்றாயின. 1929இல் கார்ல் காலமானார். பெர்த்தா லாடன்பர்க் வீட்டில் இன்னும் பதினைந்து வருஷம் இருந்தார். கார்ல் படித்தது நம்மைப் போல ஒரு பாலிடெக்னிக்கில், கார்ல்ஸ்ரூ நகரில். அவர் படித்த நாளில் பெண்களுக்கு அங்கே இடமில்லை. பிற்காலத்தில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்த அதே இடம், 1944இல் பெர்த்தாவின் 95ஆவது பிறந்தநாளன்று அவருக்குக் கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து, மே 5 அன்று, அம்மையார் கண்ணை மூடினார்.