ரம்பத்தின் முன் நின்ற சங்கம்

மலேயாத் தோட்டங்களிலே விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போன தமிழ்த் தொழிலாளியின் வாழ்வு நமக்குப் புதியதல்ல. ஆனால் அந்த மரத்தின் பிறப்பிடம் மலேயா அல்ல; தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ல் ஆங்கிலேயர் ஒருவர் அங்கிருந்து விதைகளைக் கொண்டுபோனார். அந்த வழியிலேதான் இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்கள் எழுந்தன. அமேசான் காட்டிலும் மரம் சீவி வயிறு கழுவும் ஏழைகள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரே சிக்கோ மெண்டஸ்.

பிரேசில் நாட்டின் மேற்குக் கோடியில் அக்ரே மாநிலம். அதில் ஷாபுரி என்ற சிற்றூர். அதையடுத்த காட்டில் 1944 டிசம்பர் 15-ல் பிறந்தார். ஒன்பது வயதில் மரம் சீவக் கிளம்பினார். பள்ளிக்கூடம்? அதை முதலாளிகள் காட்டுக்குள் நுழையவே விடவில்லை. கணக்குத் தெரிந்த தொழிலாளி கடன் சீட்டைச் சரிபார்ப்பான் அல்லவா! சாமான் வாங்குவது முதலாளி கடையில். விலை அவர் வைத்தது, எடை அவர் போட்டது. ஆயுள் முழுதும் தீராத கடன்! காட்டில் தலைமறைவாய் வாழ்ந்த யூக்ளிடெஸ் தவோரா என்ற பொதுவுடைமைவாதிதான் வாலிப வயதில் அவருக்கு எழுத்தறிவித்தார். பாடநூல் எது தெரியுமா? பழைய செய்தித்தாள்கள்! படிப்பகத்தில் நாளேடு படித்து வளர்ந்த தோழர்களுக்கு இதன் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

1970-களில் இராணுவ ஆட்சி சலுகைகளை வாரி இறைத்து மாட்டுப் பண்ணை முதலாளிகளை அங்கே வரவழைத்தது. மேய்ச்சல் நிலத்துக்காகக் காடு வெட்டப்பட்டது, கொளுத்தப்பட்டது. அமேசானில் பால்மரம் வரிசையாக நெருங்கி வளராது. நெருங்கினால் இலைநோய் வந்து அழியும். காட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் நிற்கும். ஆகவே, பால்மரம் வேண்டுமானால் முழுக் காடும் வேண்டும். பிரேசில் கொட்டை மரத்தை வெட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது. பண்ணையார்கள் அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியிருந்ததையெல்லாம் எரித்தார்கள். மகரந்தம் சுமக்கும் காட்டுத் தேனீக்கள் இல்லாத இடத்தில் அந்த மரம் காய்க்குமா? மலடாய் நின்றது. சட்டம் மட்டும் பிழைத்தது!

1975-ல் பிரசிலேயா ஊரில் சங்கம் பிறந்தது. மெண்டஸ் அதன் செயலாளர். அடுத்த ஆண்டே போராட்டம். தொழிலாளர் குடும்பம் குடும்பமாய்ச் சென்று ரம்பங்களின் முன் நின்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசையில்! ரம்பம் பிடித்தவனும் கூலிக்கு வந்த ஏழைதானே? அவனிடம் பேசினார்கள், அவன் ரம்பத்தைக் கீழே வைத்த நாட்களும் உண்டு. 1980 ஜூலையில் சங்கத் தலைவர் வில்சன் பின்யேரோ சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கம் கலையவில்லை.

1985-ல் தலைநகர் பிரசிலியாவில் தொழிலாளர் கூடித் தேசிய சபை கண்டனர். காட்டு நிலம் நாட்டின் உடைமை, விற்கக்கூடாது, அழிக்காமல் பயன்கொள்ளும் உரிமை அங்கே வாழ்பவனுக்கு - இதுவே கோரிக்கை. பகையாளிகளாய் மோதவிடப்பட்டிருந்த ஆதிகுடி மக்களோடும் கைகோத்தார்கள். 1987-ல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் விருது மெண்டஸைத் தேடி வந்தது. வெளிநாட்டார் அவரைக் காடு காத்தவர் என்று போற்றினார்கள். போற்றட்டும், ஆனால் அவர் சங்கத் தலைவர் என்பதை ஓரங்கட்டிவிட்டுப் போற்றுவதை நாம் ஒப்புவதற்கில்லை. கடன் சீட்டை எதிர்த்த கைதான் ரம்பத்தையும் தடுத்தது.

1988-ல் கஷோயேரா என்ற காட்டுப் பகுதியை ஒரு பண்ணையாரின் பிடியிலிருந்து சங்கம் மீட்டது. அவ்வாண்டு டிசம்பர் 22 மாலை, காவலுக்குப் போலீசார் இருக்கும்போதே, வீட்டின் பின்வாசலில் மெண்டஸ் சுடப்பட்டு இறந்தார். நாற்பத்துநான்கு வயது நிறைந்து ஒரே வாரம்! பண்ணையாருக்கும் மகனுக்கும் 1990-ல் பத்தொன்பது ஆண்டுச் சிறை. 1993-ல் இருவரும் தப்பினார்கள். மீண்டும் பிடிபட மூன்றாண்டு ஆயிற்று.

1990-ல் ஏறத்தாழ 9,70,000 ஹெக்டேர் காடு அவர் பெயரால் தொழிலாளருக்கு ஒதுக்கப்பட்டது. 1999-ல் அக்ரே அரசு அவர் பெயரிலேயே சட்டம் இயற்றி, ரப்பர் விலைக்கு மேல் மானியமும் கொடுத்தது. ஆயினும் அந்தக் காட்டுக்குள் இன்று மாடுகள் மேய்கின்றன. வெளியார் ஓட்டி வந்தவை மட்டுமல்ல. ரப்பர் பாலின் விலை அடுப்பெரிக்கப் போதாமல், மரம் சீவிய குடும்பங்களே வாங்கிக் கட்டிய மாடுகளும் அவற்றில் உண்டு.