துணைவேந்தர் ஜாகிர் ஹுசேன்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கரோல்பாக் என்னும் பெயர் நெருக்கமானது. உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டு வந்த நம் முன்னோர் பலர் முதன்முதலில் குடக்கூலிக்கு வீடு பிடித்தது அந்தப் பேட்டையில்தான். அதே கரோல்பாக்கில், 1925-ஆம் ஆண்டு முதற்கொண்டு, வாடகைக் கட்டடங்களில் ஒரு பல்கலைக்கழகம் நடைபெற்று வந்தது என்பதை நம் இளைஞர்களில் பலர் அறியார். ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்பது அதன் பெயர். காந்தியடிகளின் கடைசிப் புதல்வர் தேவதாஸ், பின்னாளில் நம் ராஜாஜியின் மருமகரானவர், அங்குச் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். அந்தக் கழகத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் தாங்கி நின்றவர் டாக்டர் ஜாகிர் ஹுசேன். குடியரசுத் தலைவர் என்ற முறையில் அவரை நாடு அறியும். ஆசிரியராக அவரை அறிந்தோர் குறைவு.

அன்னார் 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்விகம் ஐக்கிய மாகாணத்துக் காயம்கஞ்ச். பத்து வயதில் தந்தையை இழந்தார். எடாவாவில் பள்ளியில் பயின்று கொண்டிருந்தபோது, 1911-இல், கொள்ளைநோய் தாயாரையும் கொண்டு சென்றது. பின்னர் அலிகர் கல்லூரியில் சேர்ந்து, படிப்பிலும் பேச்சிலும் பெயர் பெற்றார்.

1920-ஆம் ஆண்டு அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்து, அன்னிய அரசின் உதவி பெறும் கல்லூரியை விட்டு வெளியேறுமாறு மாணவரை அழைத்தனர். ஜாகிர் ஹுசேன் வெளியேறினார். நல்ல சம்பளமும் அரசாங்கப் பதவியும் எதிரே காத்திருந்த நாளில் அவற்றை உதறியது எளிய செயலன்று. அம்மாதம் 29-ஆம் நாள், வெளியேறியவர்களைக் கொண்டு ஜாமியா தொடங்கப் பெற்றது.

1922-இல் அவர் ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். கிலாபத் இயக்கம் தளர்ந்ததனால் ஜாமியாவின் வருவாய் வற்றியது. அதை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. செய்தியறிந்த ஜாகிர் ஹுசேனும், அங்கிருந்த நண்பர்கள் ஆபித் ஹுசேன், முஜீப் ஆகியோரும், தங்கள் வாழ்வையே ஜாமியாவுக்கு அளிக்கச் சித்தமாயிருப்பதாகவும், தாங்கள் திரும்பும் வரை மூடலாகாதென்றும் ஹக்கீம் அஜ்மல் கானுக்குத் தெரிவித்தனர். 1926-இல் தாயகம் திரும்பிய ஜாகிர் ஹுசேன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். அப்போது வயது இருபத்தொன்பது.

துணைவேந்தர் என்றவுடன் மாளிகையும் மோட்டார் வண்டியும் நம் நினைவுக்கு வரலாம். மறு ஆண்டு டிசம்பரில் அஜ்மல் கான் காலமானபோது, ஜாமியா தன் பெரும் புரவலரை இழந்தது. அதன் பிறகு ஆசிரியர்கள் ஒரு சங்கமாகக் கூடி, இருபது ஆண்டுகள் பணிபுரிவதென்றும், மாதம் 150 ரூபாய்க்கு மேல் எவரும் பெறுவதில்லையென்றும் உறுதி பூண்டனர். அந்த 150 ரூபாய் உச்ச வரம்பேயன்றிக் கைக்கு வந்த தொகையன்று. துணைவேந்தர் உட்பட எல்லோரும் அதிற் குறைவாகவே பெற்றனர். அதுவும் பல மாதங்கள் தாமதமாயிற்று. அந்த வீட்டு அம்மையார் எவ்வாறு குடித்தனம் நடத்தினார் என்பதை நம் இல்லத்தரசிகள் எண்ணிப் பார்த்துக் கொள்ளட்டும்.

ஒரு நாள் ஆரம்பப் பள்ளிச் சிறுவர்களுக்கு அவர் தம் கையால் இனிப்பு வழங்கிக் கொண்டிருந்தார். பணியாள் வந்து, அவருடைய சின்னஞ்சிறு மகள் நோயில் துன்புறுவதைக் காதோடு கூறினான். சிறிது நேரங் கழித்து மறுபடி வந்து, குழந்தை இறந்துவிட்டதைத் தெரிவித்தான். முகம் வெளுத்தது; கை மட்டும் நிற்கவில்லை. அத்தனை பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வராமல், வழங்கி முடித்த பின்னரே வீடு சென்றார். இது கல்நெஞ்சம் என்று கருதுவாரும் உண்டு. அந்நாட்களில் அவர் இரவில் அழுத கண்ணீர் தலையணையை நனைத்ததை அவர் மனைவியார் அறிவார்.

ஓக்லாவில் சொந்தக் கட்டடம் எழுப்ப முற்பட்டபோது, 1935-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், அடிக்கல் நாட்டியவர் மன்னரல்லர், தலைவருமல்லர். பள்ளியின் மிக இளைய மாணவன். மறு ஆண்டு அச்சகம், நூல் நிலையம், புத்தக வெளியீட்டு நிலையம் நீங்கலாக, ஏனையவை அங்குப் பெயர்ந்தன. 1937-இல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டம் வகுக்க அமைந்த குழுவுக்கு அவரே தலைவர். யாழ்ப்பாணத்து ஆரியநாயகமும், தமிழரான குமரப்பாவும் அக்குழுவில் இருந்தனர்.

இனி 1946-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் கல்கத்தாவிலும், அக்டோபரில் நவகாளியிலும், தொடர்ந்து பீகாரிலும் மதவெறி ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. தில்லியில் இடைக்கால அரசாங்கம். அதில் காங்கிரசும் லீகும் ஒரே மந்திரி சபையில் அமர்ந்தும் ஒன்றையொன்று நம்பவில்லை. இச்சமயத்தில்தான் ஜாமியாவின் வெள்ளிவிழா வந்தது. விழாவைத் தள்ளிப்போட நியாயம் இருந்தது. ஒரு கட்சித் தலைவர்களை மட்டும் அழைத்து அமைதியாக முடித்திருக்கவும் கூடும். ஜாகிர் ஹுசேன் இரண்டையும் செய்யவில்லை. இடைக்கால அரசில் காங்கிரஸ் சார்பில் இவர் பெயர் எழுந்தபோது அதனை ஏற்க மறுத்தவர் ஜின்னா. அந்த ஜின்னாவையும் இவர் அழைத்தார். அவரும் வந்தார்.

நவம்பர் 17-ஆம் நாள் ஓக்லாவில் மேடையின் ஒரு பக்கம் ஜின்னா, அவர் தங்கை பாத்திமா, லியாகத் அலி கான். மறுபக்கம் ஜவாஹர்லால் நேரு, மௌலானா ஆசாத், ஆசப் அலி, நம் ராஜாஜி. பந்தலில் இருந்தோர் மூச்சடக்கி இருந்திருப்பர். துணைவேந்தர் எழுந்து, ஜாமியாவின் இருபத்தைந்து ஆண்டுக் கதையைக் கூறினார். பின்னர் மேடையை நோக்கித் திரும்பினார். நாட்டில் பற்றியெரியும் பகைத்தீயின் நடுவே ஆசிரியன் பண்புள்ள மனிதரை வளர்ப்பது எங்ஙனம் என்று வினவினார். தீயை வைத்தவர் எவர் என்று ஆராய இது நேரமன்று, அணைப்பதே முதற் கடமை என்றும், இது இந்தச் சமூகத்தின் வாழ்வா அந்தச் சமூகத்தின் வாழ்வா என்ற வழக்கன்று, மனிதத் தன்மைக்கும் விலங்குத் தன்மைக்கும் இடையே உள்ள வழக்கு என்றும் எடுத்துரைத்தார். எவரையும் பழிக்கவில்லை, எவருக்கும் முகமன் கூறவும் இல்லை. கேட்டோர் பலர் கண்கலங்கினர்.

அந்தப் பேச்சு என்ன சாதித்தது? தீ அணையவில்லை. ஒன்பது மாதத்தில் நாடு பிரிந்தது. 1947 ஆகஸ்டில் காஷ்மீர் செல்லும் வழியில், ஜலந்தர் ரயில் நிலையத்தில், வெறிக் கும்பலின் கையில் அவரே அகப்பட்டார். ஒரு சீக்கிய இராணுவ அதிகாரியும் இந்து ரயில்வே அதிகாரி ஒருவரும் குறுக்கிட்டதனால் உயிர் பிழைத்தார். தில்லிக் கலகத்தில் ஜாமியாவின் புத்தக வெளியீட்டு நிலையம் எரிந்தது. ஏழு இலட்ச ரூபாய் நஷ்டம். எனினும் ஓக்லா வளாகத்தில் அமைதி கெடவில்லை. செப்டம்பரில் தில்லி வந்த காந்தியடிகள் அங்கு நேரில் சென்று ஆறுதல் கூறினார்.

1948-இல் அலிகர்ப் பல்கலைக்கழகம் அவரைத் துணைவேந்தராக அழைத்தது. பாகிஸ்தான் இயக்கத்துக்கு ஆதரவாயிருந்த இடம் என்று வெளியே ஐயம். எதிர்காலம் பற்றி உள்ளே அச்சம். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தாம் உதறிவிட்டு வந்த இடத்துக்கு, அதைக் காப்பாற்றும் பொருட்டு, அவர் மீண்டும் சென்றார். அவர் காலத்தில், 1951-இல், திருத்தச் சட்டம் வந்தது. முஸ்லிம் மாணவருக்குக் கட்டாயமாயிருந்த சமயக் கல்வி நீங்கியது. பல்கலைக்கழகப் பேரவையில் முஸ்லிமல்லாதாரும் இடம் பெற வழி பிறந்தது. தம் சமூகத்தாரிடையே இதற்கு முணுமுணுப்பு எழாமல் இருந்திருக்காது. ரோஜாச் செடிகளில் அவருக்கு இருந்த மோகத்தையும் அலிகர் அறியும்.

1956 வரை அங்கிருந்தார். பிறகு பீகார் ஆளுநர், 1962-இல் துணைக் குடியரசுத் தலைவர், 1967-இல் குடியரசுத் தலைவர். இவ்விரு பெரும் பதவிகளிலும் அவருக்கு முன் இருந்தவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராயிருந்த நம் திருத்தணி இராதாகிருஷ்ணன். 1969-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே, ஜாகிர் ஹுசேன் காலமானார். அவர் உடலை ஓக்லாவில், ஜாமியா வளாகத்திலேயே அடக்கம் செய்தனர்.