கேள்வி கேட்ட கைதி

மூலனூரில் விடியற்காலை பஸ் ஏறி வெள்ளகோவில் தறிக்கூடங்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போகிற தொழிலாளி, வக்கீலைத் தேடிப் போவது எப்போது? வீட்டுப் பிள்ளையைப் போலீசார் அழைத்துக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பவில்லை என்ற நிலை வந்தால்தான் போவார். தாராபுரம் கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டு அவர் கேட்கிற கேள்விகள் நாலைந்துதான். பிடித்தவர்கள் காரணம் சொல்ல வேண்டாமா? எத்தனை நேரம் ஸ்டேஷனில் வைத்திருக்கலாம்? வக்கீலைப் பார்க்க விடுவார்களா? கையில் காசு இல்லாதவன் என்ன செய்வது? வழக்கே போடாமல் ஒருவனை மாதக்கணக்கில் உள்ளே தள்ளச் சட்டத்தில் இடம் உண்டா?

இவை சாதாரண ஜனங்கள் கேட்கும் சாதாரணக் கேள்விகள் என்று தள்ளிவிட முடியாது. குடியரசு பிறந்த சில வாரங்களுக்குள் இதே கேள்விகளை ஒரு கைதி இந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டின் முன்னால் வைத்தார். அவர் பெயர் ஏ.கே. கோபாலன். ஏ.கே.ஜி. என்றால் நம் தோழர்களுக்குத் தெரியும். அவருடைய போராட்டங்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். சட்டத்தோடு அவர் நடத்திய வழக்கைப் பற்றிப் பேசியது குறைவு. ஆகையால் இன்று அதைச் சொல்கிறோம்.

1904 அக்டோபர் 1ஆம் தேதி வட மலபாரில், கண்ணூருக்குப் பக்கத்தில் பிறந்தவர் கோபாலன். அன்றைய மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. கோயம்புத்தூருக்கும் கண்ணூருக்கும் அன்று ஒரே சர்க்கார், ஒரே ஐக்கோர்ட்டு. ஏ.கே.ஜி.யைச் சிறையில் பூட்டிய சர்க்காரும் சென்னையில் இருந்த அந்தச் சர்க்கார்தான்.

ஆரம்பத்தில் அவர் பள்ளிக்கூட வாத்தியார். மாதச் சம்பளமும் ஊரில் மரியாதையும் இருந்தன. அந்த நிழலிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. வேலையை உதறிவிட்டுச் சிறைக்குப் போனார். 1931இல் குருவாயூர்க் கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் நுழைவுரிமை வேண்டும் என்று சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, தொண்டர் படைக்குத் தலைவராக நின்று அடிபட்டார். 1936இல் பட்டினி கிடக்கும் மக்களின் குறையைச் சொல்லக் கண்ணூரிலிருந்து சென்னைப் பட்டணம் வரை கால்நடையாக ஒரு ஜாதாவை நடத்திக்கொண்டு போனார். காங்கிரசில் தொடங்கி, காங்கிரஸ் சோஷலிஸ்டுகளோடு நடந்து, கம்யூனிஸ்டு இயக்கத்துக்கு வந்து சேர்ந்தார். 1941இல் வேலூர்ச் சிறையின் சுவரைத் துளைத்துக்கொண்டு தோழர்களோடு தப்பி, ஆண்டுக்கணக்கில் தலைமறைவாக இருந்தார்.

1947 ஆகஸ்டு 15ஆம் தேதி நாடு முழுவதும் கொடி ஏறியது. அன்று ஏ.கே.ஜி. கண்ணூர்ச் சிறையில் தனியறையில் இருந்தார். அதன் பிறகு வெளியே வந்தார். வந்த சில வாரங்களுக்குள், அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் பிடிபட்டார். சாதாரணக் குற்றச் சட்டத்தின்படி அவர்மீது வழக்குகள் போட்டுத் தண்டனையும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தண்டனைகள் பின்னர் ரத்தாயின. தண்டனை ரத்தானால் கைதி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதானே நியாயம்? அவர் போகவில்லை. தடுப்புக் காவல் உத்தரவு ஒன்று அவரைப் பிடித்து வைத்திருந்தது.

தடுப்புக் காவல் என்றால் என்ன? ஒருவன் செய்த குற்றத்துக்காக அவனைப் பிடிப்பது கைது. அதற்கு வழக்கு உண்டு, சாட்சி உண்டு, தீர்ப்பு உண்டு. இனிமேல் அவன் ஏதாவது செய்துவிடுவான் என்று அதிகாரி கருதி முன்கூட்டியே அடைத்து வைப்பது தடுப்புக் காவல். இதில் குற்றச்சாட்டும் இல்லை, சாட்சியும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. அதிகாரியின் கருத்து ஒன்றே போதும். வெள்ளைக்காரன் ஆளும்போது நாம் எதிர்த்த முறை இது. வெள்ளைக்காரன் போன பிறகும் இது போகவில்லை.

1950 ஜனவரி 26ஆம் தேதி அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. சட்டம் ஏற்படுத்திய முறைப்படியன்றி எவருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அதன் 21ஆவது விதி. கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது 22ஆவது விதி. ஆனால் அதே 22ஆவது விதி, தடுப்புக் காவலில் இருப்பவனுக்கு இவை பொருந்தா என்றும் சொல்லிவிட்டது. முன்கதவைத் திறந்து வைத்த வீட்டில், ஓர் அறைக்கு மட்டும் பூட்டுப் போட்ட கதை இது.

அந்த அறையில்தான் ஏ.கே.ஜி. இருந்தார். 1950 பிப்ரவரியில் பார்லிமெண்டு தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. அதே பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கைதிகள் பிணமாக விழுந்தார்கள். சிறைக்குள் இருந்த அரசியல் கைதியின் நிலைமை அன்று இப்படி இருந்தது. மார்ச் 1ஆம் தேதி புதிய சட்டத்தின் கீழ் ஏ.கே.ஜி.க்கு ஓர் உத்தரவு கொடுக்கப்பட்டது. பழைய பூட்டைக் கழற்றிப் புதிய பூட்டைப் போட்டார்கள்.

இந்த இடத்தில்தான் அவர் புதுக் காரியம் ஒன்றைச் செய்தார். அரசியல் சட்டத்தின் 32ஆவது விதியைப் பிடித்துக்கொண்டு, நேரே சுப்ரீம் கோர்ட்டுக்கு ஆட்கொணர்வு மனுப் போட்டார். ஒருவரை அடைத்து வைத்திருப்பவர்கள் அது எந்தச் சட்டப்படி என்று கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. அரசியல் சட்டமே தங்களை வஞ்சித்துவிட்டது என்று கோபத்தோடு பேசிய இயக்கத்தைச் சேர்ந்தவர் அவர். ஆனாலும் அந்தச் சட்டத்திலேயே மக்களுக்குப் பயன்படும் பக்கம் எதுவோ, அதை எடுத்து ஆயுதமாக்கத் தயங்கவில்லை.

அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். சட்டம் என்று ஏதோ ஒன்றை எழுதி ஓட்டெடுத்துவிட்டால் போதாது, அது நியாயமான சட்டமாகவும் இருக்க வேண்டும் என்பதே வாதத்தின் சாரம். பேச்சுரிமை, நடமாடும் உரிமை, உயிருரிமை ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தவை, தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு வாதம். ஆறு நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். 1950 மே 19ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். சட்டசபையோ பார்லிமெண்டோ முறைப்படி நிறைவேற்றிய சட்டம் இருந்தால் போதும், அது நியாயமா என்று 21ஆவது விதியை வைத்துக் கோர்ட்டு எடை போடாது என்றார்கள். நீதிபதி பஸல் அலி மட்டும் அடிப்படையிலேயே மாறுபட்டு எழுதினார்.

ஏ.கே.ஜி. தோற்றார். ஆனால் அந்தத் தோல்வியிலும் ஒரு வெற்றி இருந்தது. காவலில் வைத்ததற்கான காரணத்தைக் கோர்ட்டுக்குக்கூட வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்லியிருந்தது. வெளியிட்டால் தண்டனை! அந்தப் பிரிவு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு வெட்டி எறிந்தது. இன்று தடுப்புக் காவல் வழக்கில் வக்கீல் காரணப் பத்திரத்தை நீதிபதி முன் விரித்து வைத்து, இதில் இந்தக் குறை, அந்தக் குறை என்று வாதாட முடிகிறது என்றால், அந்த வெட்டு விழுந்ததுதான் அதற்கு வழி திறந்தது.

1951இல் அவர் வெளியே வந்தார். 1952 பொதுத் தேர்தலில் கண்ணூர்த் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். எதிர்வரிசையில் பெரிய கோஷ்டிக்குத் தலைவரானார். கைதியாக இருந்து கேள்வி கேட்டவர், மெம்பராக இருந்தும் கேள்வி கேட்பதை விடவில்லை. 1957இல் காப்பி போர்டு தன் காப்பிக் கடைகளை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த தொழிலாளர்களைத் திரட்டி, அவர்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கங்களை அமைக்க வைத்தார். இந்தியன் காபி ஹவுஸ் என்று இன்றும் கேரளத்தில் நாம் பார்க்கிற கடைகள் அப்படி வந்தவை. 1961இல் இடுக்கி மலைப்பகுதியில் குடிகள் வெளியேற்றப்பட்டு அமராவதியில் கொண்டுபோய் விடப்பட்டபோது, அவர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. 71ஆவது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவரையும் பிடித்தார்கள், சில நாட்களில் விட்டார்கள். ஜூலையில் பார்லிமெண்டு கூடியபோது எழுந்து நின்று நெருக்கடி நிலையைக் கண்டித்துப் பேசினார். நாடெங்கும் மிசாச் சட்டத்தில் எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள். 1976 ஜனவரி 31ஆம் தேதி தமிழ்நாட்டு மந்திரிசபை கலைக்கப்பட்ட பிறகு, இங்கேயும் பல கட்சித் தொண்டர்கள் போனார்கள். அந்த ஏப்ரலில், நெருக்கடி நிலை நடக்கும்போது காவலை எதிர்த்துக் கோர்ட்டுக்கு வரவே முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான் முடியாது என்று மறுத்து எழுதினார்.

1977 மார்ச் 21ஆம் தேதி நெருக்கடி நிலை நீங்கியது. மறுநாள் 22ஆம் தேதி ஏ.கே.ஜி. திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

அவர் போட்ட வழக்கு அவரோடு மறைந்ததா? இல்லை. 1970இல் பாங்குகள் தேசியமயமான வழக்கில், உரிமைகளைத் தனித்தனிப் பெட்டியாகப் பார்த்த 1950 தீர்ப்பின் போக்கைச் சுப்ரீம் கோர்ட்டு கைவிட்டது. 1978 ஜனவரி 25ஆம் தேதி மேனகா காந்தி வழக்கில், சுதந்திரத்தைப் பறிக்கும் முறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும், எதேச்சையாக இருக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. 28 ஆண்டுகளுக்கு முன் நம்பியார் நின்று வாதாடித் தோற்றது இதைத்தானே! 1978இல் நிறைவேறிய 44ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21ஆவது விதியை நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. 1976 தீர்ப்பையும் 2017இல் சுப்ரீம் கோர்ட்டே தவறு என்று ஒதுக்கிவிட்டது.

இப்போது மூலனூர்த் தொழிலாளியின் கேள்விகளுக்கு வருவோம். ஒன்று, காரணம் சொல்ல வேண்டுமா? சொல்லியே ஆக வேண்டும். 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும் இதைச் சொல்கிறது. காரணம் கைதானவருக்கு விளங்கும் மொழியில் எட்ட வேண்டும், எட்டாவிட்டால் கைதே சட்டவிரோதம் என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு பனியன் தைக்கிற தோழனுக்கும் இது பொருந்தும். இரண்டு, எத்தனை நேரம்? பயண நேரம் நீங்கலாக 24 மணி. மூன்று, வக்கீல்? விசாரணையின்போது சந்திக்கலாம், முழு நேரமும் கூடவே இருக்க முடியாது. கைதான செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ போலீசார் தெரிவிக்கவும் வேண்டும். நான்கு, காசு? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் ஆகியோரோடு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து வழி கேட்கலாம்.

ஐந்தாவது கேள்விதான் இன்னும் தீரவில்லை. வழக்கில்லாமல் அடைக்க இன்றும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் இருக்கிறது. குண்டர் சட்டத்தில் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஐந்து நாளுக்குள் காரணம் தர வேண்டும், ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குழுவின் முன் வக்கீலை வைத்து வாதாடுவது கைதியின் உரிமையல்ல. நாமே ஆட்சிக்கு வந்தாலும் நம் எதிரிகள் வந்தாலும், இந்தப் பூட்டு சாவியோடு கைமாறிக்கொண்டே இருக்கிறது. வேண்டாதவனைப் பூட்டும்போது கைதட்டுகிறவன், அதே சட்டம் நாளை தன் வாசலுக்கும் வரும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தோழர்களே, ஏ.கே.ஜி.யின் படத்துக்கு மாலை போடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. ஊரில் ஒருவன் பிடிபட்டான் என்றால், அவன் எந்தக் கட்சி, எந்தச் சாதி, எந்த மாநிலம் என்று பாராமல் இரண்டு பேராவது ஸ்டேஷனுக்குப் போங்கள். பிடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுநாள் எந்த மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். குண்டர் சட்ட உத்தரவு என்றால் அதன் நகலை வாங்கி, தாமதிக்காமல் சர்க்காருக்கு மனு எழுதுங்கள், ஐக்கோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போடுங்கள். கேட்டு உடனே கிடைக்காமல் போகலாம். 1950இல் கேட்டவருக்கும் கிடைக்கவில்லை. அவர் கேட்டு வைத்ததால்தான் இன்று நாம் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது.