பூட்ட மறந்த அலமாரி

ஜவ்வாது மலையின் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். ஓராசிரியரோ ஈராசிரியரோதான் அனைவரையும் கவனிக்க வேண்டும். ஒரு சிறுமிக்கு வீட்டில் பேசும் பேச்சு வேறு, பாடநூலில் உள்ள தமிழ் வேறு. ஒரு சிறுவன் கூலி வேலைக்குச் சென்ற பெற்றோருடன் போய், சில மாதங்கள் கழித்துத் திரும்பியிருப்பான். இன்னொருத்திக்குக் காது சற்று மந்தம். மற்றொருவனோ ஆசிரியர் கணக்கை எழுதி முடிக்குமுன்பே விடை சொல்லிவிடுவான். இவர்கள் அனைவருக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்துகின்றபோது சிலர் பின்தங்கிவிடுகின்றனர். இவனுக்குப் படிப்பு ஏறாது என்ற தீர்ப்பு அப்போது நம் வாயிலிருந்து எளிதாக வந்துவிடுகின்றது.

அந்தத் தீர்ப்புக்கு மலைப்பிள்ளைகள் கொடுக்கும் விலை பெரிது. பள்ளியை விட்டவர்களுக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் கூலி வேலையே. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு, 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழர்களுள் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். அதை நாம் மறந்துவிட முடியாது.

படிப்பு ஏறாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்தே கல்வியைக் கற்றுக்கொண்ட ஒரு பெண்மணியை இன்று நினைவுகூர்வோம். அவர் மரியா மாண்டிசோரி. 1870 ஆகஸ்டு 31 அன்று இத்தாலியின் கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த காலத்தில், 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவரானார். அங்கு மனநலக் காப்பகங்களில் அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளைக் கண்டார். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி விளையாடினர். அது வயிற்றுப் பசி அன்று, கைகளுக்கு ஏதும் வேலையில்லாத பசி என்று அவர் உணர்ந்தார். தொட்டும் பொருத்தியும் பழகும் கருவிகளைக் கொடுத்துக் கற்பித்தார். அவர்களுள் சிலர் பொதுத் தேர்வை எழுதித் தேறினர். ஊரே அவரைப் பாராட்டியது. அவருக்கோ வேறொரு கவலை பிறந்தது. இவர்களாலேயே இது முடியுமென்றால், நலமுள்ள பிள்ளைகளைப் பள்ளிகளில் எது தடுத்து வைத்திருக்கின்றது?

1907 சனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று, உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவரது முதல் குழந்தைகள் இல்லம் தொடங்கியது. பெற்றோர் வேலைக்குப் போனபின் சுவர்களைப் பாழாக்கும் சிறுவரை அடக்கி வைக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் எண்ணம். ஒருநாள் அங்கிருந்த ஆசிரியை தாமதமாக வந்தார். முந்தைய நாள் கருவிகள் வைக்கும் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மாண்டிசோரியோ, ஒவ்வொரு குழந்தையும் தனக்கு வேண்டியதைத் தானே தெரிந்தெடுத்திருக்கிறது என்பதைக் கண்டார். அதன்பின் பூட்டிய அலமாரிக்குப் பதிலாகப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்வான திறந்த அலமாரிகள் வந்தன. பேசிக்கொண்டே இருப்பதைவிட ஒவ்வொருவரையும் உற்று நோக்குவதே ஆசிரியரின் முதல் பணி என்று அவர் வலியுறுத்தினார்.

அவர் வாழ்வில் வேதனையும் இருந்தது. 1898-இல் திருமணமின்றிப் பிறந்த தம் மகன் மாரியோவை வேறொரு குடும்பத்தில் வளரவிட வேண்டியதாயிற்று. ஊரார் பிள்ளைகளுக்காக உழைத்தவர், தம் பிள்ளையின் குழந்தைப் பருவத்தை அருகிருந்து காணவில்லை. பிற்காலத்தில் அந்த மகனே அவரது பணியில் துணையாக நின்றார்.

1939-இல், 69 வயதில், மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபை வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதால் ஆங்கிலேய அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. மாண்டிசோரியின் 70-ஆவது பிறந்தநாளில் விடுவித்தது. 1942 முதல் ஈராண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அங்கு வெவ்வேறு வயதும் நாடும் கொண்ட பிள்ளைகள் ஒன்றாகப் பயின்றனர். இலை, பூ, பூச்சி, கல் எல்லாம் பாடமாயின. மூத்தவர் இளையவருக்குக் காட்டிக்கொடுத்தனர். வயதுக் கலப்பு அவருக்குக் குறையாகத் தோன்றவில்லை. அதையே வகுப்பின் பலமாகக் கண்டார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

அவரது சிந்தனையின் தாக்கத்தை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் கண்டோம். விடுப்புக்குப் பின் வரும் பிள்ளை, தான் விட்ட படியிலிருந்தே அதில் தொடர முடிந்தது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் கற்பிக்கின்றது. அழகான பெயர்கள்தாம். ஆயினும் ஆண்டு முழுவதும் ஒரு பிள்ளை அரும்பாகவே இருந்துவிட்டால், அதுவும் இன்னொரு கடைசி வரிசையாகிவிடும். கவனிக்கும் ஆசிரியர் இல்லாமல் எந்தத் திட்டமும் உதவாது.

கொடைக்கானலில் அவர் கண்டது ஜவ்வாது மலையிலும் இருக்கின்றது. புளியங்கொட்டையும் பலாக்கொட்டையும் எண்ணக் கிடைக்கும். சாமையை அளந்து கணக்குப் போடலாம். ஐந்தாம் வகுப்பு அக்கா, ஒன்றாம் வகுப்புத் தம்பிக்குத் தங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லித் தரலாம். காது மந்தமான சிறுமியை முன்னால் அமர்த்த ஒரு நிமிடம் போதும்.

நாளைக் காலை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது ஒவ்வொரு பெயரிலும் சற்று நின்று பார்ப்போம். இந்தப் பிள்ளைக்கு எது வரும், எது பிடிக்கும் என்று நமக்குத் தெரியுமா? விடை தெரியாத பெயர் ஒன்று இருந்தால், நாளை முழுவதும் அந்தப் பிள்ளையைக் கவனிப்போம்.