பதவிக்குப் பின்: ஸ்ரீமான் பூ. ச. குமாரசாமி ராஜா

கூமாப்பட்டி முதலிய நம் ஊர்களினின்று வெளியூர் சென்று உத்தியோகம் பார்த்து, உபகாரச் சம்பளத்தோடு திரும்பும் பெரியோர் பலரை நாம் அறிவோம். வந்த சில நாள் உறவினர் நலம் விசாரிப்பர். பின்னர், நேற்றுவரை நம்மைத் தேடி வந்தோர் இன்று தேடாதது ஏன் என்று, மேற்கு மலையை நோக்கித் திண்ணையில் அமர்ந்து மனம் புழுங்குவோரும் உளர். அத்தகையோர் பொருட்டு, நம் வட்டாரத்துப் பெரியார் ஒருவர்தம் சரித்திரத்தைச் சுருக்கி ஈண்டு வரைகின்றோம்.

பூ. ச. குமாரசாமி ராஜா 1898ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் ராஜபாளையத்திற் பிறந்தார். பெற்றோர் இருவரையும் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். காந்தியடிகளின் நெறியிலே பற்றுக்கொண்டு காங்கிரஸில் தொண்டாற்றிப் படிப்படியாக உயர்ந்தார். 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். ஆந்திர நாடும் மலபாரும் தென் கன்னடமும் அன்று சென்னையோடு சேர்ந்திருந்தன. 1950 ஜனவரி 26இல் பாரதம் குடியரசாயிற்று. அதனால் மாகாணத்தின் கடைசிப் பிரதம மந்திரியும், சென்னை ராஜ்யத்தின் முதல் முதலமைச்சரும் அவரே ஆயினார்.

நிற்க. உயர்ந்த பதவியை அடைந்தமை பற்றி மட்டும் நாம் அவரைப் போற்ற வந்தோமல்லோம். அதை இழந்தபின் அவர் வாழ்ந்த வாழ்வே நமக்குப் பாடமாவது.

அவருக்கு முன் அப்பதவியிலிருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், அதை விட்டகன்று வடலூர் சென்று வள்ளலார் நெறியில் அறப்பணி புரிந்தார். நம் குமாரசாமி ராஜாவுக்கோ விலகல் வேறு விதமாக வாய்த்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில், தம் சொந்தச் சீமையாகிய ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோல்வியுற்றார். அறியாத ஊரார் கைவிடுவது ஒன்று. பிறந்து வளர்ந்த மண் கைவிடுவது மற்றொன்று. அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. தம் ஊராரை வெறுத்து ஒதுங்குவதற்கு இதனினும் பெரிய காரணம் ஒருவருக்கு வேண்டுவதில்லை.

அவரோ அரசியலினின்று சிறிது சிறிதாக விலகினார், ஊரை வெறுத்தாரல்லர். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார். பதவி போனபின் மனிதன் இறுகப் பற்றிக்கொள்வது தன் வீட்டையன்றோ? அதனையே ஊர்ப் பொதுவாக்கினார். வாக்களியாத ஊருக்கு வீட்டை அளித்த இச்செயலை, முதலமைச்சர் பதவியினும் மேலாக நாம் மதிக்கின்றோம். அம்மன்றத்தின் பெயர் இன்றும் ராஜபாளையத்தார் நாவில் வழங்குகின்றது.

1954ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரிஸா ராஜ்யத்தின் கவர்னராக நியமிக்கப்பெற்று, 1956 செப்டம்பர் வரை அங்கே பணியாற்றினார். 1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அன்பர்களே, இக்கணக்கைச் சற்று நோக்குங்கள். கவர்னர் பதவியினின்று நீங்கியபின் அவருக்கு எஞ்சியது ஏறக்குறைய ஆறே மாதம். இறக்கும்போது வயது ஐம்பத்தெட்டு. நம்மவருட் பலர் உபகாரச் சம்பளம் வாங்கத் தொடங்கிய வயது அதுவே. ஓய்வு கிடைத்தபின் பார்த்துக்கொள்வோம் என்று அவர் நல்ல காரியங்களைத் தள்ளிவைத்திருப்பின், அவற்றுக்குக் காலமே வாய்த்திராது.

வீட்டையே ஈதல் நம் அனைவர்க்கும் இயல்வதன்று. ஆயினும் நம் திண்ணையை மாலையில் ஒரு நாழிகை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒழித்துக் கொடுத்தல் இயலும். கணக்கறிந்தவர் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கச்சேரிப் பழக்கமுள்ளவர் எழுதப் படிக்க அறியாத குடியானவருக்கு மனு எழுதித் தரலாம். கண்மாய்க் கரையில் ஒரு மரத்தை நட்டு நீர் வார்க்கலாம். இவற்றுக்கு எவருடைய நியமன உத்தரவும் வேண்டா. இவற்றினின்று நம்மை விலக்குவாரும் இலர். ஊர் நம்மைத் தேடவில்லையென்று வருந்துவதை விடுத்து, நாமே ஊரைத் தேடிச் செல்வோமாக.